யாரும் கை வைக்கக் கூடாது

ஜூன் 4

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நீ கத்துவாய், மூன்றாவது நிமிடம் நான் வைத்துவிடுவேன். அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன். பதில் சொல்வதாக இருந்தால் நீயும் எழுது. கூப்பிட்டால் எடுக்க மாட்டேன்.

இங்கே என்னோடு வேலை பார்க்கும் ஒருவருக்கு ஒரு கால் குட்டை. சரியான செருப்பு எங்கே செய்து தருவார்கள் என்று கேட்டார். நான் இருந்த இருப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "தேடிப் பாருங்க, முதல்ல வர்றதே எங்க அக்கா கடைதான்" என்றேன். என் கண்முன்னே தேடினார். முதலாவதாக வரவில்லை, பத்தாவதாகவும் வரவில்லை. செருப்புக்குள் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு மருந்துக் கடை வந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நம் கடைத் தளத்தில் நான் எழுதிய பக்கத்தின் முகவரி எனக்கு மனப்பாடம். அதை அடித்துப் பார்த்தேன். "நீங்கள் தேடிய பக்கம் இல்லை" என்று வந்தது. கீழே ஒற்றைச் செருப்பு ஒன்று தலையைச் சொறிகிற மாதிரி படம். பதினொரு வருடத்துக்கு முன்னால், என் குட்டைக் காலை ஊரறியப் போட்டோ எடுத்துப் போட்டு, வீட்டிலேயே கால் வித்தியாசத்தை அளப்பது எப்படி என்று எழுதிய பக்கம் அது. இந்தக் கடைக்கு வந்த ஆட்களில் பாதிப் பேர் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தார்கள். அதை எடுத்துக் கடாசிவிட்டுச் சிரிப்புப் படம் போட்டிருக்கிறாய்.

உன் புதுத் தளத்தின் முகப்பையும் பார்த்தேன். முழுக்க வெள்ளை. நடுவில் 'ஒவ்வோர் அடியும் ஒரு பயணம்' என்று ஒரே ஒரு வரி. என்ன கடை, யாருக்குச் செய்கிறோம், ஒன்றும் கிடையாது. மூடிவிட்டேன். இனி அதைத் திறந்து பார்க்க மாட்டேன், என் வயிறு எரியும். தளத்தைச் செய்தவர் என்று அடியில் ஒரு பெண் பெயர் இருந்தது. யார் அந்த வெள்ளை மகாராணி?

நான் எழுதியது நூற்று நாற்பத்து மூன்று பக்கம். எங்கே போயிற்று எல்லாம் என்று கேட்க எனக்கு உரிமை இல்லையா?

தம்பி


ஜூன் 7

தம்பிக்கு,

உரிமையைப் பற்றி நீ பேசாதே. பிப்ரவரியில் பையை மாட்டிக்கொண்டு போனவன் நீ. உன் அத்தான் வாசல்வரை வந்து கூப்பிட்டார், திரும்பிப் பார்த்தாயா? நாலு மாதமாகப் போன் அடித்தால் எடுப்பதில்லை. இப்போது வந்து எங்கே போயிற்று என்று அதட்டுகிறாய். உனக்கு என்ன கொம்பு முளைத்திருக்கிறதா?

தளத்தை நான் வேடிக்கைக்கு மாற்றவில்லை. போனில் பார்த்தால் எழுத்து எறும்பு மாதிரி தெரிகிறது என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். எத்தனை தரம் உன்னிடம் சொன்னேன். "படிக்கணும்னு நினைக்கிறவன் படிப்பான்" என்று சொன்னாய். நீ போன பிறகு விசாரித்து ஓர் அம்மாவைப் பிடித்தேன். பட்டப்பெயர் வைக்காதே, ஒழுங்காக வேலை செய்கிறவர். மே பன்னிரண்டாம் தேதி புதுத் தளத்தை ஏற்றினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் நீ சொல்வது உண்மை. முன்பு ஒரு நாளைக்கு ஒன்பது, பத்துப் பேர் கூப்பிடுவார்கள். ஜூன் பிறந்ததிலிருந்து இரண்டு வந்தால் பெரிது, அதிலும் ஒன்று தவறான எண். நானும் ஒட்டுக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து ஈ ஓட்டுகிறோம். பதினான்கு வருடமாக அடி ஒட்டியவர், என்னிடம் ஒன்றும் கேட்காமல் பசை டப்பாக்களைத் துடைத்துத் துடைத்து அடுக்குகிறார். அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

கட்டடச் சொந்தக்காரர் வேறு வந்து போனார். குத்தகை ஜூலையோடு முடிகிறது. இன்னும் ஐந்து வருடத்துக்கு வேண்டுமா வேண்டாமா என்று ஜூலை இருபதுக்குள் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டுமாம். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் இந்த இடத்துக்குக் காத்திருக்கிறார். ஆள் வராத கடைக்கு ஐந்து வருடம் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

உன் பக்கத்தை எடுக்கச் சொன்னது நான்தான், அந்த அம்மா இல்லை. ஏன் என்று உனக்கே தெரியும். தெரியாவிட்டால், போகும்போது வாசலில் நின்று என்ன சொன்னாய் என்று நினைத்துப் பார்.

அக்கா


ஜூன் 9

அக்காவுக்கு,

நான் வாசலில் சொன்னது இருக்கட்டும். அதற்கு முன்னால், தேநீர் நேரத்தில், ஒட்டுக்காரர், தையலம்மா எல்லோர் எதிரிலும் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "நாள் பூரா அந்தப் பெட்டி முன்னாடி உக்காந்து என்னடா பண்றே? செருப்பு தைக்கிறது நான்." இப்போது தெரிகிறதா நான் என்ன பண்ணினேன் என்று? நீ தைக்கிறாய், சரி. தைக்கிற இடம் இருக்கிறது என்று ஆட்களுக்குச் சொன்னது யார்?

உன் மகாராணிக்குப் புரியும்படி சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். ஒரு பக்கம் தேடலில் முன்னால் வருவது அதன் அழகுக்காக அல்ல. அந்த முகவரியை எலும்பு மருத்துவர்களின் தளங்களும் பயிற்சி மையங்களும் வருடக்கணக்காகத் தங்கள் பக்கங்களில் சுட்டிக் காட்டியிருக்கின்றன. அந்தப் பெயர் அந்த முகவரிக்குச் சேர்ந்தது. நீங்கள் நூற்று நாற்பத்து மூன்று முகவரிகளையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, பழையதிலிருந்து புதியதற்கு வழியே காட்டவில்லை. கடையை மாற்றுகிறவன்கூடப் பழைய கதவில் 'எதிர்த் தெருவுக்குப் போய்விட்டோம்' என்று ஓர் அட்டை மாட்டுவான். இதற்கு ரீடைரக்ட் என்று பெயர். இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது.

பழைய முகவரிகள் எதெது, எதில் என்ன இருந்தது என்ற பட்டியல் என்னிடம் இருக்கிறது, உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. தருகிறேன். ஆனால் தெரியாத வேலையில் கை வைத்தேன் என்று அந்த அம்மா ஒரு வரி எழுதித் தரட்டும்.

தம்பி


ஜூன் 10

டேய்,

எழுதித் தரச் சொல்கிற மூஞ்சியைப் பார். நீ என்ன நீதிபதியா?

இன்று காலை என்ன நடந்தது கேள். பிசியோதெரபி டாக்டரம்மா கூப்பிட்டார். நடக்கப் பழகுகிற பிள்ளைகளின் பெற்றோருக்குக் கொடுக்க அவர் ஒரு தாள் அச்சடித்து வைத்திருக்கிறார். அதில் உன் பக்கத்தின் முகவரி இருக்கிறது, எத்தனையோ வருடமாக இருக்கிறதாம். போன வாரம் ஓர் அம்மா ஏழு வயது மகளோடு போயிருக்கிறார். தாளை வாங்கிக்கொண்டு வீட்டில் திறந்து பார்த்தால் தலையைச் சொறிகிற செருப்பு. கடையை மூடிவிட்டார்கள் என்று நினைத்து, கடைவீதியில் சாதாரணச் செருப்பு வாங்கி உள்ளே துணியை மடித்து வைத்து அனுப்பியிருக்கிறார். பிள்ளை பள்ளிக்கூடப் படியில் விழுந்து உதடு கிழிந்துவிட்டது. டாக்டரம்மா என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். "மூடறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார். மூடவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

பக்கத்தை எடுத்தது என் தப்புத்தான், நான் ஒத்துக்கொள்கிறேன், எழுதியும் தருகிறேன். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நீ பேரம் பேசுகிறாயே, அது யார் தப்பு?

பட்டியலை அனுப்பு. இல்லாவிட்டால் இனி எழுதாதே.

அக்கா


ஜூன் 14

அக்காவுக்கு,

அந்தப் பிள்ளைக்கு இப்போது எப்படி இருக்கிறது?

பட்டியலை இணைத்திருக்கிறேன். நான்கு நாளாக உட்கார்ந்து சரிபார்த்தேன். இடது பக்கம் பழைய முகவரி. வலது பக்கம் அது எந்தப் புதுப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்பது. புதுத் தளத்தின் பக்கப் பெயர்களை உன் மகாராணி அத்தானுக்கு அனுப்பியிருந்த தாளிலிருந்து எடுத்துக்கொண்டேன். அத்தானிடம் நான்தான் கேட்டு வாங்கினேன். அவரைத் திட்டாதே.

எல்லாவற்றையும் மொத்தமாக முகப்புக்குத் திருப்பிவிடும் சோம்பேறித்தனம் வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல். பாதத்தில் புண் உள்ளவருக்கான பக்கம் பாதத்தில் புண் உள்ளவருக்கான பக்கத்துக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பும் தனித்தனியாக இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் 'வரவேற்கிறோம்' என்று போட்டிருக்கிறாளாம், அத்தான் சொன்னார். யாரை வரவேற்கிறாள் என்று தெரியவில்லை. நான் எழுதிய விளக்கங்களைச் சுருக்கிப் படமாக மாற்றியிருந்தால், திரும்ப எழுத்தாகப் போடச் சொல். படத்தில் இருப்பதைத் தேடுபொறி சரியாகப் படிக்காது.

முதல் வரிக்கு எதிரே மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அது என் கால் பக்கம். நீ எடுத்துவிட்ட பக்கத்துக்கு வருகிறவர்களை எங்கே அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. நீயே நிரப்பிக்கொள்.

தம்பி


ஜூன் 29

தம்பிக்கு,

பிள்ளை நன்றாக இருக்கிறாள். அவளையும் அம்மாவையும் டாக்டரம்மாவே கூட்டி வந்தார். தையல் பிரித்தாயிற்று, உதட்டில் சின்னத் தழும்பு மட்டும். ஒரு புறம் ஒன்றரை சென்டிமீட்டர் உயர்த்திச் சிவப்பில் செய்து கொடுத்தேன். கண்ணாடி முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

மற்றதெல்லாம் சரியில்லை. நீ கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு அந்த அம்மா மூன்று நாள் நம் கடையிலேயே உட்கார்ந்து வேலை செய்தார். நான் பழைய முகவரியை வாசிக்க வாசிக்க, அவர் புதியதை அடிக்க, ஒட்டுக்காரர் தன் போனில் ஒவ்வொன்றாகத் திறந்து சரியான இடத்துக்குப் போகிறதா என்று பார்த்துச் சொன்னார். அவருக்கும் கை வேலை வேண்டியிருந்தது. நூற்று நாற்பத்து இரண்டும் போகிறது. தலைப்புகளை மாற்றியாயிற்று, படங்களை எழுத்தாக்கியாயிற்று. முதல் வரியை இன்னும் தொடவில்லை.

இரண்டு வாரமாகிவிட்டது. முன்பைவிட மோசம். அப்போதாவது எங்கோ ஐந்தாம் பக்கத்தில் தட்டுப்பட்டோம். இப்போது கடைப் பெயரை முழுதாக அடித்துத் தேடினாலும் வரவில்லை. இந்த வாரம் முழுக்க ஒரு அழைப்புக்கூட இல்லை. நீ சொன்னதையெல்லாம் செய்த பிறகுதான் இது மோசமானது, அதையும் கவனி.

தையலம்மா நேற்று, வேறு இடத்தில் வேலை கேட்டு வைக்கவா என்று மெதுவாகக் கேட்டார். சரி என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் நம் சுவரை அளந்து பார்த்துவிட்டுப் போனார், நான் உள்ளே இருக்கும்போதே.

ஒரே ஒரு உதவி செய். நீயே அந்தத் தளத்தைத் திறந்து பார். எங்கே தப்பு என்று சொல்.

அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

என்னால் முடியாது. அந்த வெள்ளைக் காட்டைத் திறக்க மாட்டேன் என்று முதல் கடிதத்திலேயே சொன்னேன்.

நான் சொன்னது எதுவும் தப்பாக இருக்க வாய்ப்பில்லை. பதினொரு வருடம் இதைச் செய்தவன். ரீடைரக்ட் போட்டும் மோசமாகிறது என்றால் அவள் எங்கோ சொதப்பியிருக்கிறாள் என்று அர்த்தம். நிரந்தரமான மாற்றம் என்று போடாமல் தற்காலிகம் என்று போட்டிருப்பாள். இல்லாவிட்டால் பக்கம் திறக்கவே அரை நிமிடம் ஆகும், அவ்வளவு பெரிய படங்களை வைத்திருப்பாள். அழகு அழகு என்று தலையில் தூக்கி வைத்து ஆடினாய் அல்லவா, அனுபவி.

கண்ணாடிக் கடைக்காரன் சுவரை அளக்கும்போது நீ சும்மா பார்த்துக்கொண்டா இருந்தாய்? எனக்குப் படிக்கும்போதே ரத்தம் கொதிக்கிறது. அளவு நாடாவைப் பிடுங்கிப் போட்டிருக்க வேண்டாமா?

கையெழுத்துப் போடாதே என்றும் நான் சொல்ல மாட்டேன், போடு என்றும் சொல்ல மாட்டேன். என்னைக் கேட்டா எல்லாம் செய்தாய்?

தம்பி


ஜூலை 5

தம்பிக்கு,

இதை நின்றுகொண்டே படி.

உன் கடிதத்தைப் பார்த்த பிறகு அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். தளத்தின் கோப்பை முதல் வரியிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டுங்கள், புரியாவிட்டாலும் பரவாயில்லை என்றேன். தற்காலிகம் எதுவும் இல்லை, எல்லாம் நிரந்தரம் என்றுதான் போட்டிருக்கிறார். படங்களும் பெரிதில்லை. பிறகு எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான மேல்பகுதி என்று ஒன்று இருக்கிறதாமே, அதைத் திறந்தார். அதில் முதல் வரி தமிழில் இருந்தது. நான் அப்படியே எழுதுகிறேன்:

'இந்தப் பகுதியில் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் கடை இணையத்திலிருந்தே காணாமல் போகும்.'

இது யார் எழுதியது? அந்த அம்மா எழுதியதா, நான் எழுதியதா?

"இதைப் பாத்ததும் நான் கீழ இறங்கவே இல்லைங்க" என்றார் அந்த அம்மா. "உங்க தம்பி தந்த மேல்பகுதியை அப்படியே எடுத்து வச்சு, அதுக்குக் கீழதான் புதுசாக் கட்டினேன். அவர் வேலையில கை வச்சா கொன்னுடுவார்னு நீங்களும் சொல்லியிருந்தீங்க." நான் சொன்னது வாஸ்தவம்தான். கீழே இறங்கிப் பாருங்கள் என்றேன். மூன்றாவது வரி ஆங்கிலத்தில் இருந்தது. அதை எனக்குத் தமிழில் சொன்னார். இந்தப் பக்கத்தைப் பட்டியலில் சேர்க்காதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் வரியாம். மனிதர் கண்ணுக்குத் தெரியாதாம், தேடுபொறிக்கு மட்டும் தெரியுமாம். எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது. மே பன்னிரண்டிலிருந்து நம் கடை வாசலிலேயே நின்று, வருகிறவனையெல்லாம் உள்ளே வராதே என்று விரட்டியிருக்கிறது.

பழைய முகவரிகள் பெயரளவுக்காவது பட்டியலில் ஒட்டிக்கொண்டிருந்தனவாம். நீ கொடுத்த பட்டியலை வைத்து அத்தனைக்கும் ஒழுங்காக வழி காட்டினோம் அல்லவா, அந்த வழியாக வந்து, இந்த வரியைப் படித்துவிட்டு, அவற்றையும் அடித்துவிட்டது. நாங்கள் மூன்று நாள் உட்கார்ந்து எங்கள் கையாலேயே கடையை மூடியிருக்கிறோம்.

போகும்போது, "இதுதான் தளம், வெச்சுக்கோ" என்று ஒரு பென் டிரைவை மேசையில் விட்டெறிந்தாயே, அதில் என்ன கொடுத்தாய்? அந்த அம்மா தேதியைப் பார்த்துச் சொன்னார், இரண்டு வருடம் பழையதாம்.

ஒருமுறை நீ தளத்தைத் திறந்து உள்ளே இருக்கிற வரிகளைப் பார்த்திருந்தால் போதுமாம். தெரிந்தவனுக்கு அரை நிமிட வேலையாம். அரை நிமிடம். ஒரு மாதமாக உன்னிடம் மன்றாடுகிறேன். மகாராணி, வெள்ளைக் காடு, சொதப்பல் என்று எத்தனை எழுதினாய். அந்த அம்மா உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். உன்னை மாதிரி திமிர் பிடித்தவனை நான் பார்த்ததில்லை.

வரியை எடுத்தாயிற்று. இனி எப்போது திரும்பி வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இருப்பது பதினைந்து நாள்.

அக்கா


ஜூலை 6

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தத் தளத்தைத் திறந்தேன். எழுத்து பெரிதாக, கண்ணை உறுத்தாமல் இருக்கிறது. எறும்பு என்று நீ சொன்னதும் சரிதான்.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் தளத்தை நானே புதிதாக்கலாம் என்று ஒரு பரிசோதனை நகல் செய்தேன். ஒரே கடை இரண்டு இடத்தில் தெரியக் கூடாது என்று அந்த நகலில் மட்டும் அந்த வரியைப் போட்டேன். மேலே இருந்த எச்சரிக்கை அசலுக்காக எழுதியது, நகலிலும் அப்படியே வந்துவிட்டது. பிறகு உன்னிடம் காட்டப் பயந்து விட்டுவிட்டேன். உனக்குப் பிடிக்காது என்றால் தாங்க மாட்டேன்.

பிப்ரவரியில் நீ தளத்தைக் கேட்டபோது அசலைக் கொடுக்க மனசு வரவில்லை. வேண்டுமென்றேதான் அந்த நகலைக் கொடுத்தேன். என் வேலை பாதிதான் உனக்குக் கிடைக்கட்டும், அருமை தெரியட்டும் என்று நினைத்தேன். அந்த வரி அதில் இருப்பது சத்தியமாக ஞாபகத்தில் இல்லை. ஆனால் கொடுத்தது கெட்ட எண்ணத்தோடுதான். அதை மழுப்ப விரும்பவில்லை. அந்த அம்மாவிடம் நானே பேசினேன், மன்னிப்புக் கேட்டேன். எழுதித் தரவா என்றும் கேட்டேன். சிரித்தார். தளத்தை மறுபடி பார்வையிடச் சொல்லித் தேடுபொறிக்கு விண்ணப்பம் போட வேண்டும், அதை இரண்டு பேரும் சேர்ந்து போட்டோம்.

இன்னொன்று. என் அலுவலகத்தில் குட்டைக் கால்காரர் யாரும் இல்லை. என்னைத் தவிர. நீ கடைசியாகச் செய்து கொடுத்த ஜோடியின் இடது அடி ஏப்ரலிலேயே தேய்ந்துவிட்டது. இரண்டு மாதமாக முதுகு வலி. உன்னைக் கேட்க ரோஷம். வேறு யாராவது செய்வார்களா என்று தேடினேன். நீதான் முதலில் வருவாய், உன்னைத் தாண்டிப் போய் வேறு ஆளைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் தேடினேன். நீ வரவே இல்லை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் எதனால் என்று எனக்கே இப்போதுதான் புரிகிறது.

வாசலில் நான் சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது. 'என் கால் தூசிகூட இனி இந்தக் கடையில் இருக்காது' என்று சொன்னேன்.

தம்பி


ஜூலை 19

தம்பிக்கு,

ஆமாம், அதைத்தான் சொன்னாய். ஒட்டுக்காரர் எதிரில், தையலம்மா எதிரில். தூசிகூட இருக்கக் கூடாதவன் காலை மட்டும் எதற்குத் தளத்தில் மாட்டி வைக்க வேண்டும் என்று நானும் எடுக்கச் சொன்னேன். அந்தப் போட்டோவில் உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருப்பது என் கை. அதை நீ யோசித்தாயா? தேநீர் நேரத்தில் நான் சொன்னது தப்பு. அதற்காக ஒரு வருடம் வேண்டுமானாலும் என்னைத் திட்டு. ஆனால் நகலைக் கொடுத்தாயே, அதை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் வரியை நிரப்பிவிட்டேன். எங்கேயும் திருப்பவில்லை. பழைய முகவரியிலேயே பழைய பக்கத்தைத் திரும்ப வைத்துவிட்டோம். எழுத்தை மட்டும் அந்த அம்மா பெரிதாக்கியிருக்கிறார். டாக்டரம்மாவின் தாளை மாற்ற வேண்டியதில்லை.

போன திங்கட்கிழமை முதல் அழைப்பு வந்தது. நான்கு நாள் கழித்து இன்னொன்று. நேற்று மட்டும் நான்கு. நான்கு அழைப்பை நம்பி ஐந்து வருடத்துக்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். உன் அத்தானும் அதைத்தான் சொன்னார். நேற்று மாலை போட்டுவிட்டேன். கண்ணாடிக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். தையலம்மா எங்கும் கேட்டு வைக்கவில்லையாம், சும்மா என் வாயைப் பிடுங்கப் பார்த்தாராம்.

ஏன் போட்டேன் என்றால், நேற்றுக் காலை தளம் வழியாக ஒரு ஆர்டர் வந்தது. பெயர் என்று கேட்ட இடத்தில் 'பழைய வாடிக்கையாளர்' என்று இருந்தது. ஆண், கறுப்புத் தோல், இடது அடி மூன்று சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். படிவத்தின் கடைசிக் கேள்வி நீ வைத்ததுதான், எங்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பது. அதற்கு, 'தேடினேன், மூன்றாம் பக்கத்தில் இருந்தீர்கள்' என்று எழுதியிருந்தது. ஒட்டுக்காரர் அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பசை டப்பாவைத் திறந்து வைத்தார்.

அந்த ஆர்டரை நான் தைக்கப் போவதில்லை. அளவு தப்பு. உன்னை முதன்முதலில் அளந்தபோது, பழைய டெலிபோன் டைரக்டரி மேல் நிற்க வைத்து, உன் இடுப்பு நேராகும்வரை பக்கம் பக்கமாகக் கிழித்துப் போட்டோமே, அந்த டைரக்டரி இன்னும் வெட்டு மேசைக்கு அடியில்தான் இருக்கிறது. இன்று எடுத்து அளந்தேன். மூன்று சென்டிமீட்டர் இரண்டு மில்லி. அதுவும் பதினொரு வருடத்துக்கு முந்தையது. இப்போது எவ்வளவோ, தேய்ந்த செருப்பில் எப்படி நடந்து பழகியிருக்கிறாயோ.

அளவில் சந்தேகம் இருந்தால் கடைக்கே வந்து நிற்க வேண்டும், எழுதி அனுப்பும் அளவுக்குச் செய்ய மாட்டோம் என்று உன் பக்கத்திலேயே நீ எழுதி வைத்திருக்கிறாய். நான் அதில் கை வைக்கவில்லை.

டைரக்டரியைத் தூசி தட்டிக் கண்ணாடி முன்னால் வைத்திருக்கிறேன். வந்து நில்.

அக்கா